பழைய 1080 டிஐ போதுமா, வொர்க்ஸ்டேஷன் கார்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: கருங்கல்லில் வீட்டு வரைபடமும் முப்பரிமாண எலிவேஷனும் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் வைத்திருக்கிறேன். 2017இல் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு இன்னும் நன்றாக ஓடுகிறது. ஆனால் தோட்டமும் மரங்களும் சேர்த்துப் பெரிய வீட்டை ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்தால், அதாவது இறுதிப் படமாக மாற்றினால், பாதியில் நின்றுவிடுகிறது. நாகர்கோவில் கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 2000 அடா என்ற, தொழில்முறை வேலைக்கான வொர்க்ஸ்டேஷன் கார்டை வாங்கச் சொல்கிறார். 70 வாட் மட்டுமே எடுக்கும் இந்தச் சிறிய கார்டு, 250 வாட் எடுக்கும் என் கார்டை முந்துமா?

பதில்: எல்லா வேலையிலும் முந்தாது. உங்கள் 1080 டிஐ தன் நினைவகத்தோடு நொடிக்கு 484 ஜிபி வரை தரவைப் பரிமாறும். 2000 அடாவால் முடிவது 224 ஜிபி. வெறும் கணக்கிடும் திறனில் இரண்டும் ஏறக்குறைய சமம்: பழையது 11 டெராஃப்ளாப்ஸுக்குச் சற்று மேல், புதியது 12 (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு). திரையில் வீட்டைச் சுழற்றிப் பார்க்கும்போது வேறுபாடு அதிகம் தெரியாது. சில வேளைகளில் பழையதே கைக்கு இலகுவாக இருக்கும். ஆட்டோகேடில் இருபரிமாண வரைபடம் போடுவதற்கு இரண்டுமே தேவைக்கு அதிகம். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பிராசசர்தான்.

ரெண்டரில் நிலைமை வேறு. ஒளிக்கதிர் எந்தச் சுவரில் பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிடுவதற்கென்றே ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் தனி வன்பொருள் உண்டு. 1080 டிஐயில் அது கிடையாது. பொதுக் கணக்கு அலகுகளே அந்தச் சுமையையும் இழுக்கின்றன. புதிய கார்டைப் போட்ட பின் ப்ளெண்டர் அமைப்புகளில், கார்டைப் பயன்படுத்தும் முறையாகக் கூடாவை (CUDA) விட்டு ஆப்டிக்ஸைத் (OptiX) தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அந்தத் தனி வன்பொருள் சும்மாவே கிடக்கும்.

ஆனால் நீங்கள் சொல்லும் கோளாறு வேகக் குறைவு அல்ல. பாதியில் நிற்கிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது நினைவகத்தை. உங்களிடம் இருப்பது 11 ஜிபி. 2000 அடாவில் 16 ஜிபி. ரெண்டர் ஓடும்போது விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகக் கோட்டைக் கவனியுங்கள். அது உச்சியைத் தொட்டவுடன் வேலை நின்றால் காரணம் உறுதி. நினைவகம் பாதி காலியாக இருக்கும்போதே நின்றால் சூட்டையோ, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையோ பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் கார்டின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். கடற்காற்றின் ஈரத்தில் தூசி ஹீட்சிங்க்கில் அப்பிக்கொள்வதும் நம் பகுதியில் வழக்கம்.

நினைவகம்தான் காரணம் என்றால், பணத்தை எடுப்பதற்கு முன் காட்சியை இளைக்க வையுங்கள். 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்சர் படம் (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படம்) கார்டுக்குள் 64 எம்பி இடம் பிடிக்கும். கோப்பு சில எம்பி ஜேபெக்காக இருந்தாலும் உள்ளே போனதும் விரிந்துவிடும். ஓடு, செங்கல், தரைக்கல், புல் என்று நூறு படங்கள் சேர்ந்தால் 6 ஜிபிக்கு மேல் போய்விடும். அதே படத்தை 2048 அளவுக்குக் குறைத்தால் 16 எம்பி போதும். தூரத்தில் தெரியும் காம்பவுண்டு சுவருக்குப் பெரிய படம் எதற்கு? ப்ளெண்டரின் சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் வரம்பை ஒரே இடத்தில் வைக்கலாம். வீட்டைச் சுற்றித் தென்னையும் ரப்பரும் நடும்போது ஷிஃப்ட்+டி கொடுத்து நகலெடுக்காமல் ஆல்ட்+டி கொடுங்கள். ஒரே மரத்தின் வடிவத்தை எல்லா மரங்களும் பகிர்ந்துகொள்ளும். மரங்கள் நிறைந்த காட்சியில் இது ஒன்றே பல ஜிபியை மிச்சப்படுத்திவிடும்.

இதற்குப் பிறகும் 11 ஜிபியைத் தாண்டினால் வாங்குங்கள். 16 ஜிபிக்காக மட்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 16 ஜிபி என்ற விளையாட்டுக் கார்டும் உண்டு. அதன் அறிமுக விலை 2000 அடாவைவிடக் குறைவு, ஆனால் 165 வாட் எடுக்கும். இடியும் மின்வெட்டும் சேர்ந்து வரும் நம் மாவட்டத்தில் யுபிஎஸ்ஸைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பல அலுவலகங்களில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 1080 டிஐயும் பிராசசரும் மானிட்டரும் முழு வேகத்தில் ஓடினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். 70 வாட் கார்டு என்றால் வசதியாக அடங்கும். தினமும் ஆறு மணி நேரம் ரெண்டர் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரமும் மிச்சம். அத்தனை சூடும் அறைக்குள் வராது. உங்களுக்கு நான் 2000 அடாவைச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

வொர்க்ஸ்டேஷன் கார்டு என்ற பெயரோடு வரும் பிழைதிருத்தும் நினைவகமும் மென்பொருள் நிறுவனங்களின் சான்றும் எலிவேஷன் வேலைக்கு அவசியமில்லை. கட்டமைப்புக் கணக்கு இதனால் வேகமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் பிராசசரையும் ரேமையுமே நம்பியிருக்கின்றன. டிரைவரை மட்டும் கவனியுங்கள்: 1080 டிஐ தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் வெளியீடு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்.

உங்கள் மதர்போர்டு பழையது என்பதால் தயங்க வேண்டாம். மதர்போர்டில் கார்டு செருகும் பழைய பிசிஐஇ 3 இணைப்பிலும் 2000 அடா ஓடும்; தனி மின் கேபிளும் தேவையில்லை. கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். கார்டு குட்டையானது; உங்கள் கேபினட்டில் பொருத்த முழு உயரத் தகடு உள்ளே இருக்க வேண்டும். பின்புறம் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உண்டு, எச்டிஎம்ஐ கிடையாது. அதனால் உங்கள் மானிட்டருக்கு ஏற்ற மாற்றிக் கேபிளையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.