எஸ்ஜிபிடி 74 வந்தா எம்.எஸ். மாத்திரைய நிறுத்திடணுமா?

கேள்வி: டாக்டர், என் தங்கச்சிக்கு 29 வயசு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்ப தாக்கற நோய்) இருக்கு. அதுக்கு ரெண்டு மாசமா டெரிஃப்ளுனோமைட் மாத்திரை 14 மி.கி. சாப்பிடறா. போன வாரம் லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி 74ன்னு சிவப்புல வந்துச்சு, பயந்து மாத்திரைய நிறுத்திட்டா. டெஸ்ட் எடுத்த லேப்ல இருந்தே போன் பண்ணி லிவர் டீடாக்ஸ் பவுடர் வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா? கல்யாணத்துக்கும் பாத்துட்டிருக்கோம். (பெரம்பூர் வாசகர்)

பவுடர் வேணாம், முதல்ல அத சொல்லிடறேன். ரெண்டாவது, மாத்திரைய நிறுத்தின விஷயத்த இன்னிக்கே நியூராலஜி டாக்டர்கிட்ட சொல்லுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

எஸ்ஜிபிடிங்கறது லிவர் செல்லுல இருக்கற என்சைம், லிவர் அடிபட்டா ரத்தத்துல ஏறும். நார்மல் சுமார் 40 வரைக்கும்னு வெச்சுக்கோங்க. இந்த மருந்துல நாங்க பயப்படறது அதோட மூணு மடங்குக்கு, அதாவது 120க்கு மேல போனா. அப்பவும் ஒரு தடவ திருப்பி எடுத்து உறுதி பண்ணிட்டுதான் நிறுத்துவோம். 74ங்கறது ரெண்டு மடங்கு கூட இல்ல. பிலிரூபின் (ஏறினா மஞ்சள் காமாலை காட்டற அளவு) நார்மலா இருந்து, கண்ணு மஞ்சளாகாம, யூரின் டீ டிகாக்ஷன் மாதிரி கருக்காம, வாந்தி, வலது பக்க வயித்து வலி இல்லாம இருந்தா டெஸ்ட திருப்பி எடுத்துட்டு தொடரச் சொல்றதுதான் வழக்கம். இதுல எது வந்தாலும் நம்பரே பாக்க வேணாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி.

இந்த மாத்திரைக்கு 2012ல அமெரிக்காவுல அனுமதி கொடுக்கும்போதே லிவருக்கு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையோடதான் (அங்க மருந்துக்கு கொடுக்கற மிகக் கடுமையான எச்சரிக்கை அது) கொடுத்தாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு எல்எஃப்டி (எஸ்ஜிபிடி, பிலிரூபின் எல்லாம் பாக்கற லிவர் ரத்த டெஸ்ட்), அப்பறம் முதல் ஆறு மாசம் மாசா மாசம் ஒண்ணு. இத உங்களுக்கு யாராவது உக்கார வெச்சு சொன்னாங்களா? சொல்லிருக்க மாட்டாங்க. ஓபில ஒரு பேஷன்ட்டுக்கு மூணு நிமிஷம், சீட்டுல ரெண்டு வரி கிறுக்கல், அடுத்த டோக்கன். தமிழ்ல ஒரு துண்டு பேப்பர் அச்சடிச்சு கொடுக்க எவ்வளவு செலவாயிடும்னு நானும் வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்கேன்.

இந்த கேப்லதான் ஏஜென்ட் பூந்துடறான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கறோம், எழுபது எண்பது டெஸ்ட் ஒரே பேக்கேஜ்ம்பான். உங்களுக்கு வேண்டியது எல்எஃப்டியும் டாக்டர் எழுதின ரத்த அணு டெஸ்டும்தான், மிச்சத்துல எது ஒரு புள்ளி ஏறினாலும் சிவப்பு எழுத்துல வரும், சாயங்காலமே "மேடம் உங்க லிவர் வீக்கா இருக்கு, எங்க டயட்டீஷியன் பேசுவாங்க"ன்னு போன் வரும், அந்த டயட்டீஷியன் விக்கறதுதான் பவுடர். அதுல என்ன இருக்குன்னு டப்பா பின்னாடி பாருங்க. சீந்தில் கொடியும் அமுக்கராவும் சாப்பிட்டு லிவர் கெட்டு வந்தவங்கள மருத்துவ இதழ்கள்லயே எழுதிருக்காங்க, லிவர காப்பாத்தறேன்னு விக்கற டப்பாலயே அது இருந்தா என்ன சொல்றது. கொரோனா நேரத்துல கஷாயம்னு ஆரம்பிச்சு இன்னும் விடாதவங்க நிறைய பேர். உங்க வீட்லயும் கேட்டுப் பாருங்க, பேஷன்ட்டுங்க மருந்த மட்டும்தான் எங்ககிட்ட சொல்லுவாங்க, கஷாயத்த சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, எம்.எஸ். அட்டாக் வந்தப்ப மூணு அஞ்சு நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏத்தினாங்களா? அது முடிஞ்சு சில வாரம் கழிச்சும் லிவர் ஏறும், பழி மாத்திரை மேல விழும். கால் இறுக்கத்துக்கு டைசானிடின் கொடுத்திருந்தா அதுவும் ஏத்தும். அதனால டிஸ்சார்ஜ் சம்மரிய கையோட எடுத்துட்டு போங்க.

இப்ப கல்யாண விஷயம், இத கொஞ்சம் நிதானமா படிங்க. மத்த மாத்திரை பலதும் நிறுத்தினா சீக்கிரமே உடம்ப விட்டுப் போயிடும், இது போகாது. பித்தத்தோட குடலுக்கு வந்து திரும்ப ரத்தத்துக்கே போயிட்டிருக்கும், தானா வெளியேற சராசரியா எட்டு மாசம், சிலருக்கு ரெண்டு வருஷம் கூட ஆகும். அதனால உங்க தங்கச்சி நிறுத்தினாங்களே, அது ஒண்ணும் லிவர காப்பாத்தல, மருந்து உள்ளதான் இருக்கு. நிஜமாவே லிவர் எகிறினாலோ, குழந்தைக்கு திட்டம் போட்டாலோ, கொலஸ்டிரமின் பவுடர் 8 கிராம் தினம் மூணு வேளை, 11 நாள் கொடுத்து மருந்த வெளிய இழுக்கணும், அப்பறம் ரத்தத்துல மருந்து அளவு லிட்டருக்கு 0.02 மி.கி.க்கு கீழ வந்துச்சான்னு பாக்கணும். தாங்கலன்னா ஆக்டிவேட்டட் சார்கோல் இருக்கு. எல்லாம் டாக்டர் பார்வையிலதான். இந்த மருந்து வயித்துல இருக்கற குழந்தைய பாதிக்கலாம், அதனால கல்யாணத் தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே மருந்த மாத்தறத பத்தி டாக்டர்கிட்ட பேசிடுங்க, குறிச்சப்பறம் ஓடி வராதீங்க. ரிட்டுக்சிமாப் மாதிரி ஊசிக்கு மாத்தினாங்கன்னா முதல்ல ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க, உள்ள தூங்கிட்டிருக்கற அந்த லிவர் வைரஸ இந்த ஊசி எழுப்பிவிடலாம்.

வெறும் வயித்துல போகணுமான்னு கேட்டீங்கன்னா, எல்எஃப்டி மட்டும்னா தேவையில்ல, இட்லி சாப்டுட்டே போகலாம்.