ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையா?

கேள்வி: என் மகள் நான்கு வருடமாக வீணை கற்கிறாள். இதுவரை டீச்சர் வீட்டு வீணையில்தான் சாதகம். இப்போது தஞ்சாவூரில் சொந்தமாக ஒன்று சொல்லிச் செய்யலாம் என்றிருக்கிறோம். பட்டறையில் ‘ஏகாந்தமா, ஒட்டா?’ என்று கேட்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். ஏகாந்தத்தில்தான் நாதம் பேசும் என்கிறார் என் மாமியார். கூடுதல் பணம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உருண்டையான குடம், நீண்ட கழுத்தான தண்டி, அதன் முனையிலுள்ள யாளி முகம் மூன்றையும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தால் ஏகாந்தம்; தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு. ஏழு தந்திகளின் இழுப்பையும் குடமும் தண்டியும் சேரும் இடம் தாங்க வேண்டும். அங்கே ஒட்டே இல்லை என்பது ஏகாந்தத்தின் பெரிய பலம். கார்வையும், அதாவது மீட்டிய நாதம் நீடிப்பதும், கூடுதலாக நிற்கும் என்பார்கள். நாலடி நீளத்துக்கு, குடத்தின் அகலத்துக்கு, வெடிப்பில்லாத ஒரே கட்டை எளிதில் கிடைக்காது. குடையும்போது வீணாகும் மரமும் அதிகம். விலை ஏறுவது அதனால்தான்.

ஆனாலும் மகளின் முதல் வீணைக்கு, நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்த ஒட்டு வீணையையே நான் சொல்வேன். பல வருடங்களுக்கு முன் ஏகாந்தம் என்ற ஒரு வார்த்தைக்காகக் கடன் வாங்கி ஒன்று வாங்கினேன். மரம் சரியாகக் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இருந்துவிட்டு, பங்குனி வெயில் பட்டதும் குடத்தின் அடியில் விரல் நீளத்துக்குக் கீறல் விட்டது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார்கள்; பழைய நாதம் திரும்பவே இல்லை. ஒட்டு வீணையில் தண்டி வளைந்தால் தண்டியை மட்டும் மாற்றலாம். ஒரே கட்டையில் அதற்கு வழியில்லை.

எதை எடுத்தாலும் பாலிஷ் போடுவதற்கு முன் ஒரு முறை நேரில் போய், வீணையைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள். பலாவின் வைரம், அதாவது உள்மரம், மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகப் பழுப்பேறும். வெளிறிய வெள்ளை மரம் குடத்தில் கலந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூச்சி முதலில் பிடிப்பது அதைத்தான். ஏகாந்தம் என்று சொன்னால், மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்குள் அறுபடாமல் ஓட வேண்டும். அலங்காரப் பட்டை ஒட்டிய பிறகு இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. யாளி முகமும் அதே கட்டையா, தனியாகச் சேர்த்ததா என்றும் கேளுங்கள். மேல்பலகை மட்டும் எந்த வீணையிலும் தனிதான். அதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம், கட்டை அறுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல ஆசாரி சந்தோஷமாகச் சொல்வார்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் நீங்கள் வாங்கும் கட்டை காய்ந்ததா என்பதற்கு அது சான்று இல்லை. அதனால் முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் மரம் பலா, ஏகாந்தமா ஒட்டா, ஒரு வருடத்துக்குள் வெடித்தாலோ ஒட்டு விட்டாலோ இலவசமாகச் சரிசெய்து தருவது ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பேச்சு மாறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வீணைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

வீணையை எடுக்கப் போகும் நாளில் டீச்சரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குள் மேளம் கட்டி, அதாவது விரல் வைத்து வாசிக்கும் உலோக மெட்டுகளைத் தண்டியின் மேல் மெழுகில் பதித்து, முடித்திருப்பார்கள். 24 மெட்டிலும் ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்கச் சொல்லுங்கள். எங்காவது தந்தி இரைந்தால், அதைச் சரிசெய்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.