பழநிமலை புல்வெளி பத்தி நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கேள்வி: கொடைக்கானல்ல எங்க பாத்தாலும் பச்சையா தானே இருக்கு, அப்புறம் என்ன அழியுது?

பதில்: நீங்க ரோட்டோரம் பாத்ததுல நிறைய வாட்டில், யூக்கலிப்டஸ், பைன், எல்லாம் வெளியில இருந்து கொண்டாந்து நட்டது. அந்த மலை பழையபடி எப்படின்னா சரிவெல்லாம் புல்லு, தண்ணி ஓடுற மடிப்புல மட்டும் சோலைக்காடு, அதாவது அந்த மலைக்கே உரிய பசுமைமாறா காடு. 1973ல இருந்து 2014 வரைக்குமான சாட்டிலைட் படங்கள ஒப்பிட்டப்ப புல்வெளில மூணுல ரெண்டு பங்கு போயிருந்துச்சு, மரத்தோட்டமாவும் விவசாய நிலமாவும். சோலையும் குறைஞ்சுது, ஆனா அதுக்கு அழ ஆளு இருக்கு, புல்லுக்கு இல்ல.

கேள்வி: சோலைய வெட்டினதால தான் புல்லு வந்துச்சுன்னு எங்க சார் சொன்னாரே?

பதில்: ரொம்ப நாள் அப்படித்தான் நம்புனாங்க. ஆனா இதே மாதிரி புல்லும் சோலையும் இருக்குற நீலகிரியோட சதுப்புல செடி கொடி முழுசா மக்காம அடுக்கடுக்கா படிஞ்சு கிடக்கு, கீழ போகப்போக பழசு. வெயில்காட்டு புல்லுல கார்பன் 13ங்குற கொஞ்சம் கனமான கார்பன் வகை கூட இருக்கும், மரத்துல கம்மி, அதனால ஒவ்வொரு அடுக்கையும் சோதிச்சா அந்த காலத்துல எது ஓங்கி இருந்துச்சுன்னு சொல்லிடலாம். 1993ல சூழலியல் ஆய்வாளர் சுகுமார் குழுவோட கட்டுரை நேச்சர் இதழ்ல வந்துச்சு, சுமார் 20,000 வருஷக் கதை. பனியுகம் உச்சத்துல மழை கம்மி, புல்லு பரவி இருந்துச்சு, அப்புறம் பருவமழை வலுத்ததும் மரமும் ஈரம் விரும்புற செடியும் கூடுச்சு. ஊட்டியில வெள்ளக்காரன் கால் வைக்கிறதுக்கு எவ்வளவோ முன்னாடியே அங்க புல்லு இருக்கு சார்.

கேள்வி: அப்ப சோலை ஏன் மேட்டுக்கு ஏறல?

பதில்: உறைபனி. திறந்தவெளில சோலை மரக்கன்னு பனில கருகிடும், தப்பிச்சத தீ பாத்துக்கும். வாட்டில் கன்னு அத தாங்கிடுது, அதான் தலைவலி.

கேள்வி: சாட்டிலைட்ல வாட்டில் எது சோலை எதுன்னு எப்படி பிரிக்கிறாங்க?

பதில்: மேல இருந்து ரெண்டும் பச்சை தான், பசுமை அளவ மட்டும் வச்சு பாத்தா குழம்பிடும். லேண்ட்சாட்ங்குற சாட்டிலைட் படத்துல ஒரு கட்டம் 30 மீட்டர், 1970கள் படத்துல அத விட பெருசு, குட்டி சோலை அதுல காணாமலே போயிடும். அதனால ஜிபிஎஸ்ஸோட மலையேறி நேர்ல பாத்து குறிச்சுட்டு வரணும், அதுல ஒரு பங்க வச்சு கம்ப்யூட்டருக்கு கத்துக்குடுப்பாங்க, மிச்சத்த ஒளிச்சு வச்சு பரீட்சை வைப்பாங்க. அந்த பரீட்சை மார்க் போடாத கலர் மேப்ப நான் நம்பறதில்ல.

கேள்வி: வாட்டில மொத்தமா வெட்டிட்டா?

பதில்: மண்ணுல பல வருஷமா உயிரோட கிடக்குற விதையெல்லாம் வெயில் பட்டதும் கிளம்பிடும், இன்னும் அடர்த்தியா வரும். பழைய தோட்டங்களுக்குள்ள நிழல்ல சோலை கன்னு வளந்துட்டு இருக்கு, அத வெட்டினா நஷ்டம். புல்லுக்குள்ள புதுசா நுழையுற சின்ன கன்னுகள முதல்ல பிடுங்கணும்ங்கறது என் கருத்து.

கேள்வி: தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. நீலகிரி கிளென்மார்கன்ல பக்கத்து பக்கத்து ரெண்டு ஓடைப்பகுதிய எடுத்து ஒண்ண புல்லாவே விட்டு இன்னொண்ணுல யூக்கலிப்டஸ் நட்டு வருஷக்கணக்கா அளந்தாங்க. மரம் நட்ட பக்கம் ஓடைத்தண்ணி குறைஞ்சுது.

கேள்வி: எங்க கிளப்ல 500 மரக்கன்னு இருக்கு, மேல்மலைல காலியா இருக்க புல்வெளில நடலாமா?

பதில்: காலின்னு யாரு சொன்னது? அங்க நடாதீங்க, உங்க ஊர்லயே நடுங்க.