கண்மாயைப் படிப்பது எப்படி? – கேள்வி பதில்

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: சமூகவியல் முதுகலை படிக்கிறேன் சார். ஊருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவுதான் ஆய்வு. கண்மாயை எடுத்தால் மழையளவு, நீர்மட்டம்தானே வரும்? சமூகம் எங்கே?

ப: மடையில், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகில் இருக்கிறது. ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், நூறு பேருக்கு நிலம் இருந்தாலும் ஆளாளுக்கு மடை திறக்க முடியாது. அதற்கென்று நீர்க்கட்டி என்று ஒரு ஆள் உண்டு. சில ஊர்களில் மடையர் என்பார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நடப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், கடைசியில் இருக்கும் கடைமடை வயலுக்கு எப்போது என்பதெல்லாம் மனக்கணக்கு. கூலி அறுவடையில் நெல்லாக வரும். பல ஊர்களில் அவர் தலித். ஊர்த் தண்ணீரே அவர் கையில். ஊர்க்கூட்டத்தில் அவர் உட்கார்ந்தாரா, நின்றாரா என்று விசாரியுங்கள்.

கே: அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று எல்லோரும் ஒற்றுமையாகத் தூர்வாரினார்களாமே அண்ணா?

ப: எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை தம்பி. பாசன வேலைக்கு ஆள் வர 1858இல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். எல்லோரும் தானாக வந்திருந்தால் சட்டம் எதற்கு? அதற்கும் முன்னால், 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியம் வருகிறது. உறுப்பினராகப் பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். நிலமில்லாதவர் ஏரியில் மண் சுமந்திருப்பார், வாரியத்தில் இருந்திருக்க மாட்டார். ஆனால் ஒன்று, கோடையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தது நிஜம். வயலுக்கு எரு, கண்மாய்க்குத் தூர்வாரல். உரமூட்டை வந்தபின் அந்த மாட்டுவண்டிகள் குறைந்துபோயின.

கே: சீமைக் கருவேலத்தை வெட்டினால் கண்மாய் பிழைக்குமா?

ப: வெட்டத்தான் வேண்டும். ஆனால் அதை வைத்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களையும் ஆய்வில் எழுதுங்கள்.

கே: போர்வெல் வந்ததால்தான் எல்லாம் கெட்டதா?

ப: பாதி. தனக்கென்று போர் உள்ளவருக்கு மடைத் தகராறில் அக்கறை போய்விடுகிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டாலும் கேட்க மாட்டார்.

கே: சரி, களப்பணியை எப்போது தொடங்கலாம் ஐயா?

ப: முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டைப் பாருங்கள். அப்புறம் மார்கழிக் கடைசியில் போங்கள். பயிர் பால் பிடிக்கும், கண்மாய் வற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர்த் தகராறு அப்போதுதான் வெளியே தெரியும். ஐப்பசி மழையில் போனால் எல்லோரும் மாமன் மச்சானாகத்தான் பேசுவார்கள்.