மோட்டாரை நிறுத்தினால் வீடு காலியாகுமா?

கேள்வி: எங்கள் மாடி வீட்டில் 2016-லிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சுதான். மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் அந்த வீடு எங்களுக்கே வேண்டும். காலி செய்யச் சொன்னால் ‘பார்க்கிறோம்’ என்கிறார்கள். மூன்று மாத வாடகையும் பாக்கி. தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் தானாகப் போய்விடுவார்கள் என்கிறான் என் தம்பி. செய்யலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. தண்ணீர், கரண்ட் எதிலும் கை வைக்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அவர்கள் புகார் கொடுத்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். பூட்டுப் போடுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், குடியிருக்கும் ஒரு குடும்பத்தைக் குடிதண்ணீருக்குத் தவிக்கவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

முதலில் உட்கார்ந்து பேசுங்கள். ‘பார்க்கிறோம்’ என்பவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் அட்வான்ஸ்தான். உங்களிடம் இருக்கும் பணம் கைக்கு வந்தால்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். வாடகை பாக்கியைக் கழித்து, மீதியில் ஒரு பகுதியை முன்கூட்டியே தருவதாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் படித்தால் முழுப்பரீட்சை முடியும்வரை பொறுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், கெடு வைக்கும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள். பேசி முடித்ததைத் தேதி போட்டு எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், வக்கீல் மூலம் நோட்டீஸ், அப்புறம் வாடகை நீதிமன்றம். வெளியேற்றும் உத்தரவை அங்கேதான் வாங்க முடியும். இரண்டு மாதத்துக்கு மேல் வாடகை பாக்கி என்பது ஒரு காரணம்தான். ஆனால் நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அது நிற்காது. அதனால் சொந்தக் குடும்பத்துக்கு வீடு தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், உங்கள் வழக்கில் உண்மையான காரணமும் அதுதானே. எழுத்து ஒப்பந்தம் இல்லாத பழைய வாடகை என்பதையும் வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒப்பந்தம் போடத் தவறியதே இந்தச் சட்டத்தில் ஒரு காரணம்.

நோட்டீஸை ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் அவர்கள் வாடகை கொடுத்தால், எந்த மாதத்துக்கானது என்று எழுதி ரசீது கொடுங்கள். தம்பியிடம், மோட்டார் பக்கம் போக வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.