நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகள் தாங்களாகவே நோண்டிப் பார்த்துக் கற்க நல்ல இணையதளங்கள் எவை?

கேள்வி கேட்டவர், தன் குழந்தைக்கு ஆறு வயது, யூடியூபைத் தவிர வேறு எதைக் காட்டுவது என்று தெரியவில்லை, இலவசமாக இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு எட்டு. நாங்கள் திரும்பத் திரும்பத் திறக்கும் தளங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒரு தளம் நல்லதா என்பதை நான் ஒன்றே ஒன்றை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்: திரையை மூடியதும் பிள்ளை என்ன செய்கிறது? நட்சத்திரமும் கைதட்டலும் கொடுத்து அடுத்த லெவலுக்கு இழுத்துக்கொண்டே போகும் தளங்கள் ஏராளம். அதிலிருந்து எழுந்து வரும் பிள்ளை "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அழும். நல்ல தளத்திலிருந்து எழுந்த பிள்ளை கத்தரிக்கோல் கேட்கும், மொட்டை மாடிக்குக் கூப்பிடும், இல்லையென்றால் பதில் சொல்ல நேரமெடுக்கும் ஒரு கேள்வியோடு வந்து நிற்கும்.

அந்த வகையில் எனக்கு முதலிடம் அரவிந்த் குப்தாவின் பொம்மைத் தளம். கான்பூர் ஐஐடியில் படித்து, டெல்கோ லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டுக் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பழைய செய்தித்தாள், ஸ்ட்ரா, காலி பாட்டில், தீர்ந்துபோன பேனா, காந்தம் என்று வீட்டில் கிடப்பதை வைத்தே செய்முறைகள். ஒவ்வொன்றுக்கும் படங்களோ குட்டி வீடியோவோ இருக்கும். பல வீடியோக்கள் தமிழ்க் குரலிலும் உண்டு. என் மகனுக்குப் பிடித்தது தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் இணைத்து உருவங்கள் செய்வது. (தீக்குச்சியின் மருந்து முனையை நீங்களே கிள்ளி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.) மூன்று குச்சி சேர்த்தால் முக்கோணம், நான்கு சேர்த்தால் சதுரம். "அம்மா, இது ஆடுது, அது ஆடவே மாட்டேங்குது" என்றான். அன்று மாலை தெருமுனை செல்போன் டவரில் எத்தனை முக்கோணம் என்று கழுத்து வலிக்க எண்ணினான். சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது என்ற கட்டடக்கலையின் ஒரு பெரிய விஷயத்தை யாரும் சொல்லித் தராமலே அவன் கையால் தொட்டுவிட்டான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாசிப்புக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கியது. படிக்கக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிந்திருக்கும். முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு எளிய வரிகள், நான்காம் நிலையில் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கானவை. தமிழில் நிறையவே இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பின் தரம் ஒரே மாதிரி இருக்காது. சில கதைகள் வாய்விட்டுப் படிக்க இனிக்கும், சிலவற்றில் வாக்கியம் நொண்டும். அதனால் முதலில் நீங்கள் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இந்தக் கதைகளைத் திறந்த உரிமத்தில் கொடுத்திருப்பதுதான் பெரிய விஷயம். எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், இருக்கும் படங்களை எடுத்துப் புதுக் கதையே எழுதலாம். இதில்தான் என் மகள் தேறினாள். படத்தைக் காட்டுவேன், அவள் கதை சொல்வாள், நான் தட்டச்சு செய்வேன். தான் சொன்னது எழுத்தாக வருவதைப் பார்த்த பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்கு அவசரம் வந்தது.

எட்டு வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு ஃபெட் (PhET) தளத்தைக் காட்டுங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. திரையில் இயக்கிப் பார்க்கும் அறிவியல், கணிதச் செய்முறைகள் அதில் இருக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கானவைதான் அதிகம், ஆனாலும் பேட்டரி, வயர், பல்பு வைத்து மின்சுற்று அமைக்கும் செய்முறையை எட்டு வயதுப் பிள்ளை தாராளமாக நோண்டலாம். தப்பாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் வேண்டுமென்றே பத்து முறை தீ வைப்பார்கள், வைக்கட்டும், தடுக்காதீர்கள். பல்பு எப்போது எரிகிறது, எப்போது எரியவில்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லி வையுங்கள்: வீட்டு ப்ளக் பாயின்டில் இந்த வேலை கூடாது. சின்னவர்களுக்கு இதே தளத்தில் சீசாப் பலகையில் எடை வைத்துச் சமன் செய்யும் செய்முறை ஒன்று இருக்கிறது, அதை முதலில் திறந்து கொடுங்கள்.

வானம் பார்க்க ஸ்டெல்லேரியம் வெப். ஊரைக் கொடுத்தால் உங்கள் தலைக்கு மேல் இப்போது என்ன இருக்கிறது என்று பிரவுசரிலேயே காட்டும். நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். மார்கழி, தை மாதங்களில் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனால், ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களை ஐந்து வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். திரையில் பார்ப்பது ஐந்து நிமிடம் போதும், மீதி நேரமெல்லாம் வானம்தான்.

க்ரோம் மியூசிக் லேப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். கட்டங்களைத் தொட்டால் மெட்டு, கோடு வரைந்தால் இசை. கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம். கான் அகாடமி கிட்ஸ் ஒரு செயலி. விளம்பரம் இல்லாதது, நன்றாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் ஆங்கிலத்தில். உறவினர் பிள்ளைகள் வெளிநாட்டில் தமிழ் படிக்கிறார்கள் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதியைச் சொல்லுங்கள். பாட்டு, கதை எல்லாம் இருக்கிறது. தோற்றம் கொஞ்சம் பழசு, பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

அப்புறம், எவ்வளவு நேரம்? இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் இரண்டு முதல் ஐந்து வயது வரை அதே ஒரு மணி நேரம்தான், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. பக்கத்தில் உட்கார்வது என்றால் காவல் காப்பது என்று நினைக்க வேண்டாம். "இப்போ என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று நடுவில் ஒரு முறை கேளுங்கள், பிள்ளை எவ்வளவு பேசும் என்று பாருங்கள்.

போனைவிட லேப்டாப் நல்லது. நான்கைந்து தளங்களை மட்டும் புக்மார்க் செய்து வைத்தால் தேடுபொறிப் பக்கமே பிள்ளை போக வேண்டியிருக்காது. ஊருக்குப் போகும்போது நெட் சரியாக வராது என்றால், ஸ்டோரிவீவரில் ஐந்தாறு கதைகளை பிடிஎஃப் ஆக இறக்கி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை போதும், கலர் அடிக்கும் வேலையைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.