ஜெபித்தும் மனம் அடங்கவில்லை என்கிற சகோதரிக்கு

சகோதரி, படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் ஜெபித்தும் கடன் கவலைதான் இன்னும் பெரிதாகிறது, விசுவாசம் குறைவோ என்று கேட்டிருந்தீர்கள். குறை விசுவாசத்தில் இல்லை, ஜெபிக்கும் விதத்தில். ஒரே கவலையை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிச் சொன்னால் அது ஜெபம் போலத் தெரிந்தாலும் கவலையை மென்றுகொண்டிருப்பதுதான்.

வேதாகமத்தில் பிலிப்பியர் 4:6ஐ மெதுவாக வாசியுங்கள்: ஒன்றுக்கும் கவலைப்படாமல் ஜெபத்தில் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. அதில் "ஸ்தோத்திரத்தோடே கூடிய", அதாவது நன்றியோடு கூடிய, என்ற சொல்லை நாம் தாண்டிப்போய்விடுகிறோம். அப்போஸ்தலன் பவுல் அந்தக் கடிதத்தைக் காவலில் இருந்தபடி எழுதினார். அடுத்த வசனத்தில், தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் "காத்துக்கொள்ளும்" என்கிறார்; அதற்கான கிரேக்கச் சொல், போர்வீரர்கள் காவல் நிற்பதைக் குறிப்பது. கடன் தீரும் என்று அங்கே வாக்கு இல்லை, கவனியுங்கள்.

இரவு உணவுக்கு முன்பே, 15 நிமிடம் போதும். கவலைகளைத் தாளில் எழுதுங்கள்: "கடன்" என்றல்ல, "5ஆம் தேதி தவணை" என்று. ஒவ்வொன்றையும் ஒரே தடவை சொல்லிவிட்டு, அன்று கிடைத்த நன்மை ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள். தாளை வேதாகமத்துக்குள் மடித்து வையுங்கள். படுக்கையில் சங்கீதம் 4:8 மட்டும். மூச்சை இழுக்கும்போது "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு", விடும்போது "நித்திரைசெய்வேன்". மனம் ஓடும், ஓடட்டும். திட்டாமல் வசனத்துக்குத் திரும்புங்கள்.

நன்றி சொல்ல வாய் வராத நாளில் சங்கீதம் 13. ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்ற முறையீட்டில்தான் தொடங்குகிறது.

இரண்டு வாரமாகத் தூக்கமே சரியில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும், சுட்ட அடையும், தண்ணீரும்தான் (1 இராஜாக்கள் 19).